அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் எப்படி இருக்கிறது

கோவையில் மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரைத் தாண்டி உள்ளே திரும்பினால் வருகிற ஒரு பராமரிப்பு இல்லத்தில் அப்பா ஒரு வருடத்துக்கும் மேலாக இருக்கிறார். டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கிற இடம் அது. பெயரைப் போடவில்லை. குறைகளையும் சேர்த்தே எழுதப் போகிறேன், அப்பா இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறார். இப்படி ஒரு இடத்தைத் தேடி அலைகிறவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 78 வயது. கோவை அரசு பஸ்களுக்குச் சேரன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்திலேயே கண்டக்டராகச் சேர்ந்தவர். பெரும்பாலும் பொள்ளாச்சி - வால்பாறை வண்டிதான். அந்த 40 கொண்டை ஊசி வளைவிலும் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவர். டிமென்ஷியாவில் அல்சைமர் என்கிற வகை என்று நரம்பியல் மருத்துவர் சொன்ன பிறகு அம்மாவும் நானும் திருப்பூர் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "முதல் வண்டி எடுக்கோணும்" என்று கதவை இழுப்பார். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், எனக்குப் பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. ஒரு விடியற்காலையில் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் அப்பாவை உட்கார வைத்துவிட்டு எங்களுக்குப் போன் போட்டார். அதற்குப் பிறகு வீட்டில் வைத்துப் பார்ப்பது அப்பாவுக்கே ஆபத்து என்று முடிவு செய்தோம்.

சொந்தக்காரர்கள் பேசினார்கள், இன்னும் பேசுகிறார்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக, நாடு முழுக்க முதியவர்களிடம் நடத்திய லாசி-டாட் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அத்தனை வீட்டிலும் ராத்திரி முழுக்கக் கண் விழிக்க ஒரு ஆள் இருப்பார் என்று நினைக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அக்கறையோடு கேட்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்வேன்: சாதாரண முதியோர் இல்லங்களில் பெரும்பாலானவை இவர்களைச் சேர்ப்பதே இல்லை. "தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களுக்கு மட்டும்" என்பார்கள். அதனால் மறதி நோய்க்கென்றே இருக்கிற இடமாகத்தான் தேட வேண்டும். அது எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம்.

நாங்கள் முதலில் சேர்த்தது இதில் இல்லை, வேறொரு இல்லத்தில். அதைச் சொல்லாமல் இப்போதைய இடத்தின் அருமை புரியாது. லிஃப்ட், ஏசி, கிரானைட் தரை, வாசலில் நீரூற்று, எல்லாம் இருந்தது. காலை பதினோரு மணிக்குத்தான் சுற்றிக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் எல்லாரும் குளித்து, விபூதி வைத்து, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சேர்த்து ஒரு மாதத்துக்குள் அப்பா எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருந்தார். எழுப்பினால் வாய் குழறியது, நடை தடுமாறியது. நோய் முற்றிவிட்டது என்றார்கள். மருந்துச் சீட்டைக் காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார்கள். மறதி நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் டோனெபெசில், மெமன்டின், அதோடு பிரஷர் மாத்திரை, இவற்றுக்குக் கீழே புதிதாகக் குவெட்டியாபின் என்று எழுதியிருந்தது, இரண்டு வேளை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சாயங்காலம் ஆனா ரொம்பத் தொந்தரவு பண்றார் மேடம்" என்பது மட்டுமே விளக்கம்.

குவெட்டியாபின் மனநோய்க்குக் கொடுக்கிற மருந்து. இந்த வகை மருந்துகளை டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே உச்சபட்ச எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கொடுக்கவே கூடாது என்றில்லை. தன்னையோ அடுத்தவரையோ காயப்படுத்தும் நிலை வந்தால், வேறு வழி எல்லாம் பார்த்த பிறகு, குறைந்த அளவில், குறைந்த நாளுக்குக் கொடுப்பார்கள், வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பார்கள். சாயங்காலம் ஆள் பற்றாத குறைக்கு மாத்திரையை வைத்து ஈடு கட்டுவது வேறு விஷயம். இதில் என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தது. வயதானவர்களுக்கு, அதுவும் இந்த நோய் உள்ளவர்களுக்கு, தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ வெளியே தெரியாமல் குழப்பமும் கத்தலும் மட்டுமே தெரியலாம். மலச்சிக்கல், பல்வலி, காதில் அழுக்கு அடைத்துக்கொள்வது எதுவானாலும் இப்படி வெளிப்படலாம். வாயால் சொல்ல வராதவர் வேறு எப்படிச் சொல்வார்? ஆன்டிபயாடிக் முடிந்து, அந்த மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியதும் பழைய அப்பா திரும்ப வந்தார். திரும்ப வந்தார் என்றால் மறதியோடுதான், ஆனால் முகத்தில் ஆள் இருந்தது.

இப்போதைய இல்லத்துக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொல்லாமல் போனேன். இந்த நோயில் பொழுது சாயும் நேரம்தான் கொடிது. வெளிச்சம் மங்க மங்கப் பதற்றம் ஏறும். வீட்டுக்குப் போகணும் என்பார்கள், செத்துப்போன அம்மாவைத் தேடுவார்கள், கதவைத் தட்டுவார்கள். கேட்டில் என்னை நிறுத்தவில்லை, பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். தரைத்தளம் மட்டுமே உள்ள பழைய தோட்டத்து வீடு, அதை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். லைட்டெல்லாம் அதற்குள் போட்டாயிற்று, நிழல் விழாத வெளிச்சம். ஒரு பாட்டி அழுதுகொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்கள், அவர்களை யாரும் "உட்காருங்க, உட்காருங்க" என்று அதட்டவில்லை. அந்த வராந்தா வீட்டைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்கிறது. முட்டுச் சந்து கிடையாது. நடக்க வேண்டும் என்று தோன்றினால் நடந்துகொண்டே இருக்கலாம்.

கட்டடத்தில் இப்படிச் சின்னச் சின்னதாக யோசித்திருக்கிறார்கள். தரை பளபளக்காத சொரசொர டைல்ஸ். பளபளத்தால் தண்ணீர் தேங்கியிருப்பதாக நினைத்துக் காலை வைக்க மாட்டார்கள். வாசலில் கறுப்பு மிதியடி போட மாட்டார்கள், அது குழி மாதிரித் தெரியும். கக்கூஸ் கதவுக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட், கட்டிலில் படுத்திருந்தாலே கண்ணில் படும். அப்பா துணியோடு போய்விடுவது இதனாலேயே பாதி குறைந்தது. மத்தியானச் சாப்பாடு வாழையிலையில். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போட்டால் சோறு இருப்பதே அவர்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. பச்சை இலையில் தெரிகிறது. வீட்டில் அரைத் தட்டு சாப்பிடவே போராடிய மனிதர் இங்கே ரசச் சோறு வரைக்கும் போகிறார்.

ஆனால் நான் இந்த இல்லத்துக்கு நல்ல சான்று கொடுப்பது கட்டடத்துக்காக இல்லை. சேர்க்கும் அன்று அங்கிருந்த நர்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களோடு உட்கார்ந்து அப்பாவைப் பற்றிக் கேட்டு எழுதினார். என்ன வேலை, எந்த ரூட், காலையில் காபியா டீயா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், கோபம் வந்தால் யார் சொன்னால் கேட்பார், எந்த சாமி, யார் இறந்தது இன்னும் அவருக்குத் தெரியாது. அதை ஃபைலில் போட்டு மூடவில்லை என்பதை அடுத்த வாரமே கண்ணால் பார்த்தேன்.

ஆறு மணி இருக்கும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட் பக்கம் போனார். வண்டிக்கு நேரமாச்சு என்று குரல் உயர்ந்தது. பழனிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு அக்கா ஓடவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. பழைய தோல் பை ஒன்றை எடுத்து வந்து, "பையை மறந்துட்டீங்களே கண்டக்டரண்ணா" என்று அப்பா தோளில் மாட்டினார். பைக்குள் செல்லாத சில்லறையும், காலண்டர் தாளை வெட்டிக் கட்டிய டிக்கெட் கட்டும். அப்பா கட்டை எடுத்தார், பெருவிரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைப் புரட்டினார்.

"ரொட்டிக்கடைக்கு ஒண்ணு குடுங்கண்ணா."

"சில்லறையாக் குடு அம்மணி. ஆழியாறு தாண்டறதுக்குள்ள எல்லாரும் நூறு ரூவாய நீட்டுனா நா எங்க போவேன்?"

வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் ஒவ்வொருவருக்கும் கிழித்துக் கொடுத்தார். அட்டகட்டி, ரொட்டிக்கடை, வால்பாறை என்று ஸ்டாப் பெயர் வரிசை மாறாமல் வந்தது. என் பெயர் வராத வாயில் வந்தது. டிக்கெட் போட்டு முடிந்ததும் அவராகவே பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த அக்கா டீயும் வர்க்கியும் கொண்டுவந்து கொடுத்து, "வண்டி நிக்குதுங்கண்ணா, டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றார். குடித்தார். சாப்பிட்டார். தூங்கப் போனார். மற்ற இடத்தில் இரண்டு வேளை மாத்திரை கொடுத்து நடத்திக்கொண்ட காரியம் இது.

குளிப்பாட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் தினமும் சண்டை நடந்தது இதற்குத்தான். தலையில் திடீரென்று தண்ணீர் விழுவதை யாரோ அடிப்பதாக எடுத்துக்கொள்வார். இங்கே ஆண் உதவியாளர்தான் குளிப்பாட்டுகிறார், வெயில் ஏறிய பிறகு, வெந்நீரில். தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு முதலில் பாதத்தில் ஊற்றுகிறார், பிறகு முழங்கால், கை, கடைசியில்தான் தலை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொல்கிறார். வேண்டாம் என்று கத்தினால் அன்றைக்கு விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைக்கிறார்கள். ஒரு நாள் குளிக்காவிட்டால் குடி முழுகிப் போகாது என்று அந்தத் தம்பி சொன்னபோது அம்மாவுக்குக் கண் கலங்கியது.

உதவியாளர்களில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், தமிழும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் எந்த ஷிஃப்டிலும் தமிழ் பேசி வளர்ந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று இங்கே வைத்திருக்கிறார்கள், அது சரி. இந்த நோயில் பலருக்குப் பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவும், தாய்மொழிதான் கடைசி வரை நிற்கும். அங்கிருக்கும் ஒரு மலையாளத்துப் பாட்டி ஐம்பது வருடம் கோவையில் தமிழ் பேசி வாழ்ந்தவராம். இப்போது மலையாளம் மட்டுமே. பாலக்காட்டு நர்ஸ் வருகிற நாளில்தான் அவர் முழுதாகச் சாப்பிடுகிறார்.

இரவு நர்ஸ் எழுதி வைக்கிற நோட்டு எனக்குப் பிடித்த இன்னொன்று. அப்பா நடு இரவில் கனவு கண்டு அலறுவதை அவர்தான் தொடர்ந்து குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டினார். டோனெபெசிலை ராத்திரி போட்டால் சிலருக்குப் பயங்கரக் கனவு வரும், மருத்துவர் அதைக் காலைக்கு மாற்றினார், அலறல் அடங்கியது. தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்ததையும் அவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். விழுங்கும் தசை பலவீனமானால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். இப்போது தண்ணீரையே கெட்டிப்படுத்திக் கொடுக்கிறார்கள், நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுகிறார்கள், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடுவதில்லை. சாப்பிடுவதே நின்றுபோகும் கட்டம் வந்தால் மூக்கில் டியூப் போடுவதா வேண்டாமா என்பதையும் இப்போதே எங்களோடு பேசிவிட்டார்கள். நோய் முற்றிய நிலையில் டியூப் ஆயுளைக் கூட்டுவதில்லை, முடிந்த அளவு கையால் ஊட்டுவதே நல்லது என்று முதியோர் மருத்துவத்தில் சொல்கிறார்கள். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கஷ்டமான பேச்சுதான். ஐசியூ வாசலில் நின்று பேசுவதைவிட வராந்தாவில் உட்கார்ந்து பேசியது மேல்.

இனி குறைகள். துணி. பேர் எழுதிக் கொடுத்தும் அப்பா அடுத்தவர் சட்டையில் நிற்பார். கண்ணாடி தொலைந்து புதிதாக வாங்கினோம், யாரும் பொறுப்பு ஏற்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு முறை வருவார் என்று சேர்க்கும்போது சொன்னார்கள், பல வாரம் வருவதே இல்லை. நடை நின்றுபோனால் படுக்கைப்புண் வரும், இதை அலட்சியமாக விடக் கூடாது. ஒரு முறை ராத்திரி காய்ச்சல் வந்ததைக் காலையில்தான் சொன்னார்கள். தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தோம் என்றார்கள். எந்த நேரமானாலும் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகு சரியாயிற்று.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது வேறு. சேர்ந்த சில நாளில் பெண்கள் எல்லாருக்கும் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேன் வரும், சிக்கு எடுக்க ஆள் இல்லை என்பது காரணம். எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பிடரிக்குக் கொண்டுபோய்க் கொண்டையைத் தேடுவார். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் துழாவிவிட்டு இறங்கும். வாழ்நாள் முழுக்க எண்ணெய் வைத்துப் பின்னிப் பூ வைத்த தலை. கண்டக்டரின் தோல் பையை யோசித்த இடத்துக்கு இது தோன்றவில்லையே என்று நிர்வாகத்திடம் நேராகக் கேட்டேன். அங்கிருக்கும் மற்ற முதியவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து பேசினோம். இப்போது வீட்டாரைக் கேட்காமல் வெட்டுவதில்லை, ஒரு பெண் சாயங்காலத்தில் தலை வாரிவிடுகிறார். முன்பே வெட்டப்பட்டவர்களுக்கு அது வளர வேண்டும்.

செலவு. மாதம் 38,000 ரூபாய், சேரும்போது மூன்று மாத முன்பணம். டயபர், மருந்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி எல்லாம் தனி. கணக்கு வேலை பார்க்கிறவள் என்பதால் பில்லை வரி வரியாகப் பார்ப்பேன். டயபர் எண்ணிக்கை இரண்டு மாதம் கூடுதலாக வந்தது, கேட்டதும் திருத்திக் கொடுத்தார்கள். கேட்க வேண்டும். அப்பாவின் பென்ஷன் இதில் பாதிக்குக்கூட வராது, அண்ணனும் நானும் பங்கு போட்டுக் கட்டுகிறோம். மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான், இல்லத்துக் கட்டணத்துக்கு வராது. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்கள், குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைக்கு உள்ள வரிக் கழிவைப் பாருங்கள் (1961 சட்டத்தில் 80டிடிபி பிரிவு). டிமென்ஷியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. 60 வயதைத் தாண்டிய பெற்றோரின் சிகிச்சைச் செலவுக்கு ஒரு லட்சம் வரை கழிவு உண்டு, நரம்பியல் நிபுணரின் சீட்டு வேண்டும். ஏதாவது இல்லத்தில் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம், இலவசம்.

இல்லம் தேடுகிறவர்கள் பகலில் ஒரு முறை போனாலும் சாயங்காலம் ஒரு முறை கட்டாயம் போங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர் என்று கேளுங்கள். இங்கே எட்டுப் பேருக்கு ஒருவர், பகலில் ஐந்து பேருக்கு ஒருவர் என்றார்கள். இரவில் நர்ஸ் ஒருவர் மட்டும்தான், அது போதாது என்பது என் எண்ணம். மருந்துச் சீட்டை மாதா மாதம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவர்களின் நகத்தையும் குதிகாலையும் பாருங்கள், அதிலேயே பராமரிப்பு தெரிந்துவிடும். முற்றிலும் படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வீர்களா, கூட்டிப் போகச் சொல்வீர்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் நன்றாக நடமாடும் வரை வைத்திருந்துவிட்டு, கஷ்டமான கட்டத்தில் ஆம்புலன்ஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

நடமாட்டம் உள்ள, பேச்சுத் துணையும் பொறுமையும் தேவைப்படுகிற நடுக் கட்டத்து நோயாளிகளுக்கு இந்த இல்லத்தை மனதாரச் சொல்வேன். டயாலிசிஸ், ஆக்சிஜன், ஆழமான படுக்கைப்புண் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. மருத்துவர் வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறார். அப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த இடமாகப் பாருங்கள். ஆண்கள் பகுதியில் இப்போது கட்டில் காலியில்லை, பெயர் கொடுத்துவைத்தால் கூப்பிடுகிறார்கள்.